சின்ன ஜீப் வாங்கும் ஆசை: பட்டை வண்டியா, புது ஜிம்னியா, நிவாவா?

முதலில் எடையைப் பேசிவிடுவோம். இந்தச் சின்ன வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மூன்று கதவு சுசுகி ஜிம்னி ஏறக்குறைய 1,100 கிலோ. அதன் முன்னோடியான, பட்டை ஸ்பிரிங் போட்ட எஸ்ஜே வரிசை ஒரு டன்னுக்கும் கீழே. ரஷ்யாவின் லாடா நிவா 1,200 சொச்சம். ஷோரூமில் பளபளவென்று நிற்கிற பெரிய ஃபோர் வீல் வண்டிகளில் பல இரண்டு டன்னை ஒட்டி இருக்கின்றன. தார் ரோட்டில் இந்த வித்தியாசம் உறுத்தாது, சொல்லப்போனால் அங்கே பெரிய வண்டிதான் சொகுசு. மேலே காய்ந்து கீழே களியாக இருக்கிற ஓடைப் படுகையில் இறங்கும்போதுதான் தெரியும். அப்படி ஓர் இடத்தில் எனக்கு முன்னால் போன பெரிய வண்டி மேல் பொருக்கை உடைத்துக்கொண்டு வயிறு தட்டும் வரை அமிழ்ந்துவிட்டது. பத்தடி தள்ளி அதே களியின் மேல் என் பழைய எஸ்ஜே டயர்த் தடத்தை மட்டும் பதித்துவிட்டு அக்கரை ஏறியது. அந்த வண்டியை ஓட்டியவர் என்னைவிட அனுபவசாலி. எடைதான் காரணம்.

மாட்டிக்கொண்டாலும் எடை கைகொடுக்கும். இரண்டு பேர் பின்னால் நின்று தோள் கொடுத்தால் நகர்கிற வண்டிக்கும், இன்னொரு வண்டியும் வின்ச்சும் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கிற கருவி) வந்தால்தான் அசையும் என்கிற வண்டிக்கும் காட்டுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வின்ச் வாங்கும்போது வண்டியின் முழுச் சுமை எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கிறதாகப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். அதாவது பெரிய வண்டிக்கு வின்ச்சும் பெரிது, அதைத் தாங்கும் பம்பரும் கனம், அந்தக் கனம் மறுபடியும் முன் சக்கரத்தில்தான் போய் உட்காரும். டயர், பிரேக், கிளட்ச், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. லேசான வண்டிக்கு எல்லாமே சின்னதாக இருந்தால் போதும், சின்னதாக இருப்பதால் அது இன்னும் லேசாகிறது.

சரி, ஆசை வந்துவிட்டது, எதை வாங்குவது? நான் இங்கே ஒப்பிடப்போவது நான்கு வண்டிகளை: எஸ்ஜே அல்லது சாமுராய் என்கிற பட்டை வண்டி, 1998 முதல் 2018 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஜிம்னி, 2018இல் வந்த இன்றைய ஜிம்னி, அப்புறம் நிவா. ஐந்தாவதாக, இந்த ஆசையோடு போகிற பலரும் கடைசியில் வாங்கிவிட்டு வருகிற, கார் மாதிரியான உயரமான வண்டியைப் பற்றியும் கொஞ்சம்.

ஒரு சின்ன வரலாறு தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் ஜீப்பின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான நீளம், 80 அங்குலம். 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கும் அதே 80. எஸ்ஜேயின் குட்டை மாடலுக்கு 2,030 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் அதுவும் அதே 80 அங்குலம்தான். முதல் ஜிம்னி 1970இல் வந்தது. ஹோப் என்ற சின்ன கம்பெனி செய்துகொண்டிருந்த வண்டியின் உரிமையைச் சுசுகி வாங்கித் தன் எஞ்சினைப் பொருத்திச் செய்தது. 359 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ஜப்பானில் கெய் என்கிற குட்டி வண்டி வகைக்கான சட்டப்படி வண்டியின் நீளம் மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது, அதனால் ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிடாமல் உள்ளே, ஒரு சீட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள். சிறியதாக இருந்தே தீர வேண்டும் என்ற அந்தக் கட்டாயம்தான் இந்த வண்டியை இந்த வண்டியாக்கியது என்று நினைக்கிறேன். வளர இடம் கிடைத்த வண்டிகள் எல்லாம் வளர்ந்து பெருத்துவிட்டன.

பட்டை வண்டியிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கிற முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். எஞ்சின் 970 சிசி அல்லது 1.3 லிட்டர். கியர்பாக்ஸ் தனி, சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை போகும், ஸ்பேனர் போகும், கீழே தரைகூடத் தெரியும். எதாவது சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காரியம், முன் சக்கரத்தின் நடுவில் இருந்து, அதை ஷாஃப்டோடு பூட்டுகிற ஹப் குமிழைக் கையால் திருகுவது. சேறு வருவதற்கு முன்னால் இறங்கி, குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைத் துடைத்துவிட்டு, குமிழை ‘லாக்’ பக்கம் திருப்ப வேண்டும், ஒரு மெல்லிய ‘டக்’ கேட்கும், அப்புறம் மறுபக்கச் சக்கரத்துக்கும் போய் அதே வேலை. ஒரு தடவை ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டு மறந்துவிட்டேன். ஏற்றத்தின் பாதியில் வண்டி பின் சக்கரத்தால் மட்டும் மண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது, முன்னால் பூட்டாத சக்கரத்தின் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் எப்போதும் எளிதாகச் சுற்றுகிற பக்கத்துக்கே சக்தியை அனுப்பிவிடும் என்பதை அந்த ஏற்றத்தில்தான் உடம்பால் புரிந்துகொண்டேன். இப்போது இறங்கினால் நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் ஏறுவதில்லை. அப்படிப் பார்க்கும்போது காற்று குறைந்த டயர், மூலையில் செருகின கல், கசிகிற ஆயில் எல்லாம் கண்ணில் படும்.

ஆனால் இதை நாள்தோறும் ஓட்டுகிற ஒரே வண்டியாக வாங்காதீர்கள். வெறும் வண்டியில் பட்டை ஸ்பிரிங் முதுகைக் குலுக்கி எடுத்துவிடும். நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். பிரேக்குக்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும். காற்றுப்பை கிடையாது. குறுகலாகவும் உயரமாகவும் இருப்பதால் திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பக் கூடாது, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1988இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சாமுராய் கவிழும் அபாயம் உள்ளது, ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியது, சோதனை நடத்திய விதம் சரியில்லை என்று சுசுகி 1996இல் வழக்குப் போட்டது, 2004இல் சமரசமானது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், குட்டையான, உயரமான வண்டியை அதற்கேற்ற வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். அதன்மேல் இன்னும் நான்கு அங்குலம் தூக்கி, கூரையில் கேரியர் வைத்து, அதில் இரண்டாவது ஸ்டெப்னியையும் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

மூன்றாம் தலைமுறை ஜிம்னி இதற்கு நடுவழி. முழு ஆக்சிலும் ஏணிச் சேஸிஸும் அப்படியே இருக்க, பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங் வந்தது. அது ஒன்றே பெரிய மாற்றம், கரடுமுரடான பாதையில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கினாலும் இடுப்பு இடுப்பாக இருக்கும். உலகச் சந்தைக்கு 1.3 லிட்டர் எஞ்சின். இருபது ஆண்டு ஓடிய மாடல் என்பதால் அதன் நோய்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை: முன் ஆக்சில் முனையில் இருக்கும் கிங்பின் பேரிங் தேய்ந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடும், வேக்குவத்தால் பூட்டும் முன் ஹப்பின் குழாயிலோ சீலிலோ கசிவு வந்தால், டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரியும், முன் சக்கரம் மட்டும் இழுக்காது, உப்புக் காற்றிலும் பனிச்சாலை உப்பிலும் ஓடியிருந்தால் அடிப்பக்கம் துரு. மூன்றுமே சரிசெய்யக்கூடியவை, முதல் இரண்டு சுலபமாகவே. ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு டேம்பரை, அதாவது அதிர்வை அடக்கும் குழாயை, மாற்றிவிட்டு நின்றுவிட்டதாகச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், டேம்பர் ஆட்டத்தை மூடி மறைக்கும், அவ்வளவுதான். பேரிங்கை மாற்றுங்கள், வீல் பேலன்ஸ் பாருங்கள். அதோடு, பிற்காலத்தில் பல நாடுகளில் ஃபோர் வீல் குச்சியை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தார்கள். கிடைத்தால் குச்சி உள்ளதையே தேடுங்கள்.

2018இல் வந்த வண்டியில் அந்தக் குச்சி திரும்பி வந்தது. எல்லோரும் திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கம்பெனி பொத்தானை எடுத்துவிட்டுக் குச்சியை வைத்தது என்பது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. 1.5 லிட்டர், 102 குதிரைத்திறன், டர்போ இல்லாத எஞ்சின். சேஸிஸுக்குள் குறுக்கே எக்ஸ் வடிவில் ஒரு கட்டு சேர்த்தார்கள். வீல்பேஸ் 2,250 மில்லிமீட்டர், தரை இடைவெளி 210. முன்னால் 37 பாகை ஏற்றத்தில் மூக்கு இடிக்காது, பின்னால் 49 பாகை, நடு வயிற்றுக்கு 28. லோ, அதாவது கடின ஏற்றத்துக்கான மெதுவான கியர் வரிசை, போட்டால் கியர் இரண்டு மடங்கு குறைகிறது. அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, தரையில் இருக்கிற சக்கரத்துக்குச் சக்தியைத் திருப்புகிற எலக்ட்ரானிக் ஏற்பாடும் உண்டு. நான் ஹப் மறந்து நின்றேனே, அந்த மாதிரி ஏற்றத்தில் இது கட்டக்கட்ட என்று சத்தம் போட்டபடி, மெதுவாக, விடாமல் ஏறிவிடும். பழைய வண்டியில் வேகம் பிடித்து அடித்து ஏற்ற வேண்டிய இடங்களை இதில் நடை வேகத்தில் ஏறலாம். மலைப்பாதைக்கும் அது நல்லது, கிளட்சுக்கும் நல்லது.

குறைகள்? பின் சீட் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி வெறும் 85 லிட்டர். இரண்டு தோள்பை வைத்தால் முடிந்தது. நெடுஞ்சாலையில் 100இல் போனால் எஞ்சின் ஐந்தாவது கியரிலும் 3,000 சுற்றை ஒட்டிக் கத்தும், பக்கக் காற்று அடித்தால் வண்டி நகரும். 2018இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். எரிபொருள் விஷயத்தில் அதன் சதுர உடம்பு காற்றோடு மல்லுக்கட்டுவதால் பெரிய சிக்கனம் எதிர்பார்க்காதீர்கள். புகை விதி இறுகியதால் ஐரோப்பாவில் பின் சீட்டை எடுத்துவிட்டுச் சரக்கு வண்டி வகையில் விற்கவேண்டி வந்தது.

பின் சீட்டில் தினமும் ஆள் ஏறுவார்கள் என்றால் 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னி இருக்கிறது. வீல்பேஸ் 2,590. நடு வயிற்றுக் கோணம் 28இலிருந்து 24 பாகையாகக் குறைந்துவிட்டது. நாலு பாகைதானே என்று தோன்றும். கல் மேட்டின் உச்சியில் முன் சக்கரம் ஏறி இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல், நடுவில் சேஸிஸ் கல்லில் உட்கார்ந்து நான்கு சக்கரமும் பிடிப்பில்லாமல் நிற்கிற அந்த ஒரு கணத்தில் நாலு பாகை என்பது போகலாமா கூடாதா என்பதை முடிவு செய்துவிடும். ஆனால் அப்படிப்பட்ட மேடு உங்கள் பாதையில் வருடத்துக்கு எத்தனை தடவை வரும் என்று நீங்களே சொல்லுங்கள். குடும்பத்தோடு போகிறவர் மூன்று கதவை வாங்கி, பின்னால் உட்கார்ந்தவர்கள் முனகுவதைக் கேட்டுக் கேட்டு ஒரு வருடத்தில் விற்றுவிடுவதைவிட, ஐந்து கதவை வாங்கி மேட்டைச் சுற்றிப் போகலாம். நெடுஞ்சாலையில் நீள வண்டி நேராகவும் போகும்.

இப்போது நிவா. 1977இலிருந்து ரஷ்யாவின் தொல்யாத்தி நகரில் செய்கிறார்கள், இடையில் பெயர் மாறி, 2021இலிருந்து நிவா லெஜண்ட். இதைச் சின்ன ஜீப் என்று சொல்லலாமா என்றே சிலர் சண்டை போடுவார்கள், ஏனென்றால் இதற்கு ஏணிச் சேஸிஸ் கிடையாது, காரைப்போல் உடம்பே சேஸிஸ். முன் சக்கரங்களும் முழு ஆக்சிலில் இல்லை, தனித்தனி. அதனால் சாலையில் ஜிம்னியைவிட நிதானமாகப் போகும். இதன் உண்மையான பலம் நடு டிஃபரன்ஷியல். கொஞ்சம் விளக்குகிறேன், இது முடிவையே மாற்றக்கூடிய விஷயம். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. ஜிம்னியில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மண்ணில் டயர் சற்றே சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும், காய்ந்த தாரில் சறுக்க வழியில்லாமல் முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும், ஸ்டீயரிங் இறுகும், ஏதோ ஒன்று உடையும். எனவே ஜிம்னிக்காரர் தார் வந்ததும் டூ வீலுக்கு மாற்றியே ஆக வேண்டும். நிவாவில் அந்த வித்தியாசத்தை நடு டிஃபரன்ஷியல் வாங்கிக்கொள்வதால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், சேற்றில் இறங்கும்போது மட்டும் இன்னொரு குச்சியால் அதைப் பூட்டிக்கொள்ளலாம். கால் மணி நேரம் பனி, ஐந்து நிமிடம் தார், மறுபடியும் பனி, அப்புறம் மழையில் நனைந்த சரிவு என்று மாறி மாறி வருகிற சாலையில் நிவாவுக்கு நிகர் இந்த நால்வரில் எதுவும் இல்லை.

கல் நிறைந்த பாதையில் நிலைமை வேறு. முழு ஆக்சிலில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அது மறுமுனையைக் கீழே அழுத்தும், டிஃபரன்ஷியல் உருண்டையும் சக்கரத்தோடு சேர்ந்து கல்லைத் தாண்டி மேலே போகும். தனித்தனிச் சக்கரத்தில் அந்த உதவி கிடையாது. அதனால் பாறையில் சுசுகி, பனியிலும் சேற்றிலும் நிவா என்று பிரித்துக்கொள்ளலாம். துருவும் இங்கே பெரிய விஷயம்: ஜீப்பில் உடம்பு துருப்பிடித்தால் சேஸிஸ் தாங்கும், நிவாவில் துருப்பிடிக்கிற உடம்புதான் வண்டியின் எலும்பு. ஸ்டெப்னியை எஞ்சினுக்கு மேலே பானெட்டுக்குள் வைத்திருப்பார்கள், சேறு படாது, திருட்டும் போகாது, எஞ்சினில் கை வைக்க வேண்டுமென்றால் முதலில் அதைத் தூக்கி இறக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நேராகப் பொருந்தாமல் இருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் உடம்பு முழுக்க அதிரும், போல்ட்டைத் தளர்த்தி அதை நடுவுக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒரு மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாகமும் அப்படியே. உங்கள் பகுதியில் நிவா பாகம் கிடைக்காதென்றால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டுச் சுசுகி பக்கம் வாருங்கள்.

கார் மாதிரியான உயர வண்டிகளை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. நீங்கள் போகிற மோசமான பாதை என்பது சரளைக்கல் ரோடு, மழையில் வழுக்குகிற ஏற்றம், புல்வெளியில் நிறுத்துவது, இவ்வளவுதான் என்றால் அதுவே போதும், குடும்பமும் வாழ்த்தும். லோ கியர் இல்லாத வண்டியைத் தளர்ந்த மணலிலும் செங்குத்தான கல் ஏற்றத்திலும் நெடுநேரம் வாட்டினால் கிளட்ச் சூடேறி, காப்பாற்றிக்கொள்வதற்காக ஃபோர் வீலையே நிறுத்திவிடும் வகைகள் உண்டு, அந்த எல்லை தெரிந்திருந்தால் சரி.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, கையில் கிரீஸ் படுவது பிடிக்கும், சனி ஞாயிறில் மலைக்குள் போக வேண்டும் என்றால் எஸ்ஜேதான், யோசிக்கவே வேண்டாம். 2007 ஏப்ரலில் சிலியின் ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறி அன்றைய உலக சாதனையைப் படைத்தது, எஞ்சினில் மாற்றம் செய்த ஒரு சாமுராய்தான். ஒரே வண்டி, பெரும்பாலும் ஒருவரோ இருவரோ என்றால் இன்றைய மூன்று கதவு. பின்னால் ஆள் உண்டென்றால் ஐந்து கதவு. கையிருப்பு குறைவு, பொறுமை அதிகம் என்றால் துரு இல்லாத மூன்றாம் தலைமுறை. வருடத்தில் பல மாதம் பனியும் சேறும் என்றால் நிவா. எதை வாங்கினாலும் முதல் செலவு நல்ல டயரும், காற்றை இறக்கி ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸரும். மணலில் இறங்குவதற்கு முன் காற்றைப் பாதியளவுக்கு இறக்கிப் பாருங்கள், நேற்றுப் புதைந்த அதே இடத்தில் வண்டி இன்று போகும். தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அட்டையை விரித்துக் கீழே படுங்கள். சேஸிஸில் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், நல்ல இரும்பு கணீரென்று பேசும், துருப்பிடித்தது மொத்தென்று கேட்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆக்சில் முனை உருண்டையைச் சுற்றி ஆயில் வழிந்திருந்தால் சீல் போயிருக்கிறது. பிறகு மண்தரையில் நிறுத்தி லோ போட்டு, கிளட்ச்சை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் ஊரவிடுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டு, விற்கிறவரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸின் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீரான முனகல் என்றால் பயமில்லை. நடுநடுவே ‘டொக் டொக்’ என்று தட்டினால் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.